செட்டு சேர எந்தக் காலம் நல்ல காலம்?

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. சேரச் சடங்கு உண்டு, ரகசியச் சொல் உண்டு, வளாகத்தை ஒட்டிச் சொந்த வீடு உண்டு. படிப்பு முடிந்து இருபது வருடம் ஆன பிறகும் வேலைக்குச் சிபாரிசு செய்யப் பழைய உறுப்பினர்கள் உண்டு. அவர்கள் கூடுமிடத்தில் எந்தப் பத்தாண்டில் அந்த வீட்டில் இருந்தவன் கொடுத்துவைத்தவன் என்ற வாக்குவாதம் ஓயாது. நம் கல்லூரிகளில் அப்படிப்பட்ட சங்கம் கிடையாது. ஆனால் செட்டு உண்டு, கேங் உண்டு, ஹால் உண்டு, ரூட்டு உண்டு. தமிழ்நாட்டில் கல்லூரி வயதில் ஒரு கூட்டத்தோடு கூட்டமாக இருப்பதற்கு எந்தக் காலம் நல்ல காலம் என்று நாமும் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்பதற்கு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பட்டை தோதான இடம். காலையில் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் அரை மணி நேரம் நின்றால் போதும். கம்பெனி பஸ், இன்ஜினியரிங் கல்லூரி பஸ், பூந்தமல்லி போகும் அரசுப் பேருந்து என்று மாறி மாறி வரும். ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று வயதுக்குள் இருப்பார்கள். ஒரே தெருவில் வளர்ந்தவர்களே மூன்று வண்டிகளாகப் பிரிந்து மூன்று விதமான செட்டுகளுக்குள் போய்விடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையில் நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் எளியது. உள்ளே வருகிறவனிடம் கூட்டம் என்ன கேட்டது, வெளியே போகும்போது என்ன கொடுத்தது? ஜாலியாக இருந்ததா என்பது இரண்டாம் பட்சம். இருபது வயதில் எல்லாமே ஜாலிதான்.

அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1776 டிசம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா கப்பா தொடங்கியது. அதற்கும் ரகசியக் கைகுலுக்கல் எல்லாம் இருந்தது. 1831இல் ரகசியத்தைக் கைவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். இந்த ஊரில் பிறந்த ராமானுஜர், குரு காதோடு சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார் என்பதல்லவா நாம் கேட்டு வளர்ந்த கதை. அமெரிக்க வரலாற்றில் என்னைக் கவர்வது 1906தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். வெள்ளை மாணவர்களின் சங்க வீடுகளில் அவர்களுக்கு இடமில்லை, படிப்பைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் அதிகம். படித்து முடிக்க ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த பத்தாண்டில் சென்னையிலும் அதேதான் நடந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் திருவல்லிக்கேணியில் தங்க இடம் கிடைப்பதும் மரியாதையோடு சாப்பாடு கிடைப்பதும் பெரும் பாடு. சி. நடேச முதலியார் அவர்களுக்காகத் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தினார். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர். விடுதி நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஆனாலும் சோறும் பாயும் தேடி வந்தவர்கள் ஓர் அரசியலோடு வெளியே போனார்கள். என் அளவுகோலில் இதற்கு நல்ல மதிப்பெண்.

பெண்கள் பக்கம் இதைவிட வியப்பானது. சிறுவயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். 1912இல் சாரதா மகளிர் சங்கம். இளம் விதவைகள் சிலரை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கத் தொடங்கிய முயற்சி வளர்ந்து மெரினாவில் ஐஸ் ஹவுஸுக்குள் குடியேறியது. நடக்கும் தூரத்தில் 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி. தலை மழித்து மூலையில் உட்காரவைக்கப்பட்டிருக்க வேண்டிய பெண்கள் கூட்டமாகக் கடற்கரைச் சாலையில் பாடம் படிக்க நடந்து போனார்கள். தெருவில் போகிறவர்கள் முகம் சுளித்ததை ஒருத்தியாகத் தாங்கியிருக்க முடியாது. கூட்டமாகப் போனதால் முடிந்தது. இங்கிருந்து வெளியே வந்தவர்கள் ஆசிரியைகளாக ஊர் ஊராகப் போனார்கள். குறையையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டின் கதவு பிராமண விதவைகளுக்கு மட்டும் திறந்திருந்தது. கதவுக்குள் இருந்தவர்களுக்குப் பொற்காலம்தான். வெளியே நின்றவர்களைக் கணக்கில் சேர்த்தால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தயக்கம் வருகிறது.

அமெரிக்கச் சங்க வாழ்க்கைக்குத் தமிழ்நாட்டில் மிக நெருங்கியது சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் ஹால்கள் என்பது என் எண்ணம். கல்லூரி 1937இல் பாரிமுனையை விட்டுத் தாம்பரம் காட்டுக்குப் போனது. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மூன்று விடுதிகள். பெண்களுக்கான ஹால்கள் பிறகு வந்தன. மாணவர்களே செயலாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், மெஸ்ஸை மேற்பார்வையிடுவார்கள், ஹால் தினம் கொண்டாடுவார்கள், மற்ற ஹாலோடு பந்தயத்தில் மல்லுக்கட்டுவார்கள். இன்றைக்கும் அந்தக் கல்லூரியில் படித்த எழுபது வயதுக்காரர் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது படித்த துறையைச் சொல்வதற்கு முன் ஹாலைச் சொல்வார். வண்டலூரில் திரும்பிப் படப்பை வழியாக ஒரகடம் போகும் சாலை அந்த வளாகத்திலிருந்து அதிக தூரமில்லை. எந்த ஷிப்டில் வேலை, எந்த லைன் என்பதுதான் அந்தச் சாலையின் இன்றைய அறிமுக முறை.

ஹாலில் எனக்குப் பிடித்தது பந்தயமோ பாட்டோ இல்லை. தேர்தலில் தோற்றவனோடு மறுநாள் ஒரே பந்தியில் உட்கார வேண்டிய கட்டாயம். மெஸ் பில்லை மாதக் கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும் டிவைடிங் சிஸ்டம் நம் ஊர் விடுதிகள் பலவற்றில் இருந்தது. கணக்கைப் பார்ப்பவன் மாணவன். கத்தரிக்காய் விலை ஏறினால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் ஊராட்சியையோ கூட்டுறவு வங்கியையோ நடத்தப் போகிறவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தப் பாடத்திட்டத்திலும் இருந்ததில்லை.

சுதந்திரத்துக்குப் பிந்திய இருபது ஆண்டுகளைத்தான் ஆண்களின் நல்ல காலம் என்று நான் குறிப்பேன். கல்லூரிகள் மாவட்டங்களுக்குப் பரவின. இட ஒதுக்கீடு 1951இன் அரசியல் சட்டத் திருத்தத்தால் நிலைபெற்றது. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் பெருகின. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழைந்த பையனுக்கு, தன்னைப் போலவே விழித்துக்கொண்டிருக்கும் இன்னும் நாற்பது பையன்கள் ஒரே கூரையின் கீழ் கிடைத்தார்கள். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி போன்ற இடங்களில் தங்கிப் படித்து அரசு வேலைக்குப் போனவர்கள், அடுத்த வருடம் ஊரிலிருந்து வரும் பையனுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார்கள். விடுதிகளைத் துறைவாரியாக, அதாவது சாதிவாரியாகப் பிரித்து வைத்தது அரசாங்கம். ஆகவே உள்ளே இருந்த சகோதரத்துவம் பக்கத்துக் கட்டடத்தை எட்டவில்லை. 2025இல் இவற்றுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று ஒரே பெயர் சூட்டினார்கள். பெயர்ப் பலகை மாறியிருக்கிறது. யார் யாரோடு தங்குகிறார்கள் என்பதும் மாறினால் அப்போது பேசலாம்.

இந்தக் காலத்தின் உச்சம் 1965. ஜனவரி 25 அன்று மதுரையில் கிளம்பிய இந்தி எதிர்ப்பு மாணவர் ஊர்வலம் ஒரு வாரத்தில் மாநிலம் முழுவதும் பற்றிக்கொண்டது. ஒரு கல்லூரி விடுதியில் எடுத்த முடிவு இன்னொரு ஊரின் விடுதிக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சேர்ந்தது. துப்பாக்கிச் சூட்டில் மாணவர்கள் செத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1967 தேர்தலில், அந்தப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற மாணவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். வேறு எந்த நாட்டின் மாணவர் கூட்டமும் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரிய மனிதரை வீழ்த்தியிருக்குமா என்பது சந்தேகம். அதில் எனக்கு மகிழ்ச்சி பாதி, வருத்தம் பாதி. அந்தப் பையன்கள் படித்த பள்ளிகளைத் திறந்தவர் அவர்தான். அதற்குப் பிறகு மாணவர் கூட்டம் கட்சிகளின் மாணவர் அணியாகச் சுருங்கியது. அணிக்குக் கொடி உண்டு, பொறுப்பாளர் உண்டு; மெஸ் கணக்குப் பார்க்கிறவன் இல்லை.

இனி ரூட்டுக்கு, அதாவது ஒரே வழித்தடத்தில் வரும் மாணவர்களின் செட்டுக்கு, வருவோம். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கத்தியிலிருந்து தொடங்குவார்கள். நான் இடப் பற்றாக்குறையிலிருந்து தொடங்குகிறேன். பச்சையப்பன், மாநிலக் கல்லூரி, நந்தனம் கலைக் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கும் பையன்களில் பலர் பூந்தமல்லி, திருவள்ளூர், திருத்தணி, அரக்கோணம் பக்கத்துக்காரர்கள். விடுதி கிடைக்காது. கல்லூரி வளாகத்தில் வகுப்பு முடிந்தால் உட்கார இடமில்லை. நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் அவர்கள் வாழ்வது பேருந்திலும் புறநகர் ரயிலிலும்தான். ஆகவே பேருந்தே அவர்களுக்கு ஹால் ஆனது. பூந்தமல்லி–பிராட்வே 53 ஒரு ஹால், பெரம்பூர்–திருவேற்காடு 29இ இன்னொரு ஹால், திருத்தணி ரயில் மற்றொன்று. ஹாலுக்கு ஒரு செயலாளர் வேண்டுமே. ரூட்டு தல வந்தான். ஹால் தினம் வேண்டுமே. பஸ் டே வந்தது.

பஸ் டே தொடக்கத்தில் அழகான வழக்கம். வருடம் முழுக்கத் தங்களை ஏற்றிச் சென்ற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாலை போட்டு, பரிசு கொடுத்து, பஸ்ஸை அலங்கரித்து ஓட்டிப்போவார்கள். கல்லூரி மாணவன் உழைக்கும் மனிதனுக்கு நன்றி சொல்லும் சடங்கு உலகத்தில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியாது. அந்த முதல் தலைமுறை ரூட்டுக்காரர்களின் காலத்தை நல்ல காலப் பட்டியலில் சேர்க்கத் தயங்க மாட்டேன். பிறகு கூரை மேல் ஏற்றம், போக்குவரத்து மறிப்பு, கல்லெறி. 2011இல் உயர் நீதிமன்றம் பஸ் டேவுக்குத் தடை போட்டது. 2019 ஜூனில் கல்லூரி திறந்த அன்று கூரையில் இருந்த மாணவர்கள் பிரேக் போட்டதும் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சி நாடெங்கும் ஓடியது. அடுத்த மாதம் அரும்பாக்கத்தில் 29இ பேருந்துக்குள் புகுந்து பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவர்களும் ஒரே கல்லூரி. 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரலில் அடிபட்ட திருத்தணிப் பக்கத்து மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தே போனார்.

ரூட்டு உள்ளே வருகிறவனிடம் கேட்பது விசுவாசம், வழக்கு, சில சமயம் உயிர். வெளியே போகும்போது கொடுப்பது ஒரு குற்றப் பதிவேடு. அதனால் கம்பெனி வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பில் நிராகரிப்பு. கணக்கு படுமோசம். ஆனால் இந்தப் பையன்களைத் திட்டுகிறவர்கள், இதே வயதுப் பையன்களுக்குத் தாம்பரத்தில் ஒரு ஹாலும் அதற்கொரு கிரிக்கெட் மைதானமும் கிடைத்தபோது அவர்களின் சண்டை கோப்பையோடு நின்றது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். சென்னைச் சட்டக் கல்லூரியில் 2008 நவம்பரில் நடந்தது வேறு வகை. அங்கே செட்டுக்குள் இருந்தது சாதி. போலீஸ் வேடிக்கை பார்க்க மாணவர்கள் மாணவர்களை அடித்துக் கிடத்தினார்கள். கூட்டம் என்ற பெயரில் பிறப்பு உள்ளே புகுந்துவிட்டால் அதை எந்தக் காலத்தின் பட்டியலிலும் சேர்க்க எனக்கு மனமில்லை.

ரூட்டு வளர்ந்த அதே ஆண்டுகளில் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம் இன்ஜினியரிங் கல்லூரிகள் முளைத்தன. சுயநிதிக் கல்லூரிகளுக்கு 1980களின் நடுவில் அனுமதி கிடைத்தது. பென்னலூரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா 1985இல் வந்தது, தண்டலத்தில் ராஜலட்சுமி 1997இல். பிறகு மாநிலம் முழுவதும் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்டதை அடுத்து, ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் 1997இல் வந்தது. தேவையான சட்டம்; இரண்டு பேச்சில்லை. ஆனால் நிர்வாகங்கள் அதைச் சாக்காக வைத்து சீனியர்–ஜூனியர் பேச்சையே நிறுத்தின. தனி பிளாக், தனி மெஸ் நேரம், தனி பஸ். சங்கத் தேர்தல் கிடையாது. ஆறு மணிக்குக் கல்லூரி பஸ் கிளம்பிவிட்டால் வளாகம் காலி. இந்தத் தலைமுறைக்கு வேலை கிடைத்தது, சம்பளம் கிடைத்தது. செட்டு என்பது நான்கு பேர், ஒரு பைக், ஒரு வாட்ஸாப் குழு. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்டபோது அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரிய கூட்டம் ஒன்று வாய்த்தது. குப்பை பொறுக்கினார்கள், சாப்பாடு பகிர்ந்தார்கள், ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரம்தான். 23ஆம் தேதி போலீஸ் கலைத்தது. கலைந்த பிறகு திரும்பிப் போய் உட்கார ஹால் ஏதும் இல்லாததால் அந்தக் கூட்டம் மறுபடி கூடவே இல்லை.

ஒரகடம் பக்கத்துக்கு வந்தால், கேள்வியே பெண்கள் கைக்கு மாறிவிடுகிறது. ஹூண்டாய் 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியபோது இந்தப் பட்டை ஆண்களின் ஊர். 2006இல் நோக்கியா வந்ததும் பிளஸ் டூ முடித்த பெண்கள் காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து சீருடையும் அடையாள அட்டையுமாக வந்தார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. அந்த முதல் செட்டு கலைந்தது. பிறகு ஐபோன் வந்தது, இன்னும் பெரிய கூட்டம் வந்தது. இவர்களை ஏன் கல்லூரிச் செட்டுகளோடு சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்கலாம். வயது அதே வயது. பட்டம் வாங்கிவிட்டு வருகிறவர்களும் உண்டு. அஞ்சல் வழியில் படித்துக்கொண்டே வேலை செய்கிறவர்களும் உண்டு. கிராமத்துப் பெண் அப்பா அம்மாவை விட்டு வேறு பெண்களோடு முதல்முறை தங்கும் இடம் நாற்பது வருடம் முன்பு கல்லூரி விடுதியாக இருந்தது. இப்போது பலருக்கு அது கம்பெனி ஹாஸ்டல்.

அந்த ஹாஸ்டல்கள் ஹால்கள் அல்ல. நெரிசல், வரிசை, தண்ணீர்த் தட்டுப்பாடு. ஏ, பி, சி என்று ஷிப்ட் மாறுவதால் ஒரே அறையில் இருக்கிறவர்கள் வாரக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாமல் இருப்பார்கள். ஒருத்தி வரும்போது இன்னொருத்தி தூங்குவாள். அவுட் பாஸ் இல்லாமல் வெளியே போக முடியாது. இத்தனைக்கும் நடுவில் அங்கே அக்கா என்று ஒரு பதவி தானாக உருவாகிறது. யாரும் தேர்தல் வைக்கவில்லை. முதல் சம்பளத்தை வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவது, கையில் எவ்வளவு வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பவள், சீட்டு பிடிப்பவள், காய்ச்சலில் கிடப்பவளுக்குக் கஞ்சி வாங்கி வருபவள்.

2021 டிசம்பரில் அந்தப் பதவியின் கனம் தெரிந்தது. ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கிய தனியார் விடுதி ஒன்றில் உணவு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் சிலர் திரும்பி வரவில்லை, இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி செல்போனில் பரவியது. ராத்திரியில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தொழிற்சங்கம் இல்லை, தலைவர் இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் எங்கே என்பதுதான் கோரிக்கை. ஆலை மூடியது, 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 1965இல் ஆண்கள் விடுதிகளிலிருந்து கிளம்பிய வேகத்துக்கு இதைச் சமமாக வைப்பதில் எனக்குக் கூச்சமில்லை.

ஆண்களுக்கும் இங்கே தாமதமாக ஒன்று வாய்த்தது. 2007இல் தொடங்கிய சாம்சங் ஆலையில் பதினாறு வருடமாகச் சங்கம் இல்லை. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்களில் பலர் பயிற்சியாளர்களாகச் சேர்ந்து ஒன்றாகவே நடுவயதுக்கு வந்தவர்கள். எச்சூரில் பந்தல் போட்டார்கள், போலீஸ் பிரித்தது, திறந்த வெளியில் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. செட்டு சங்கமாக முதிர இங்கே ஒரு வேலைக்கால ஆயுளே பிடித்திருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. ஆண்களின் நல்ல காலம் 1967ஓடு முடிந்துவிட்டது. பெண்களின் காலம் இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது. ஐஸ் ஹவுஸின் கதவு ஒரு சாதிக்குத்தான் திறந்தது. இந்த ஹாஸ்டல்களின் கதவில் சாதி கேட்பதில்லை. ஆனால் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்க மறுக்கிறார்கள் என்ற புகார் 2024இல் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. கதவு வேறு பக்கம் சாத்தப்படுகிறது என்பதற்கு அது அடையாளம். மூன்று நான்கு வருடத்தில் கல்யாணம் என்று கிளம்பிப் போகிறவளுக்குத் திருமண மண்டபத்தில் தோழிகள் சேர்ந்து வைக்கும் மொய்யைத் தவிரக் கூட்டம் வேறென்ன கொடுக்கிறது என்பது இன்னும் விடை தெரியாத கணக்கு.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண்கள் குடியிருப்பு திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய், 18,720 பேர் தங்கலாம். தாம்பரம் ஹால்கள் மூன்றையும் உள்ளே வைத்தாலும் ஒரு மூலைக்குக் காணாது. உடற்பயிற்சிக்கு இடமுண்டு, பொழுதுபோக்குக்கு இடமுண்டு. மெஸ் கணக்கை யார் பார்ப்பது, வார்டனிடம் குறையை யார் எடுத்துச் சொல்வது, அந்த யாரை யார் தேர்ந்தெடுப்பது என்பதெல்லாம் தரைத்தளத் திட்டத்தில் வராத விஷயங்கள். தளத்துக்கு ஒரு பிரதிநிதி என்று வருடம் ஒரு முறை வாக்குப்பெட்டி வைக்க ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும். ஷிப்ட் மாறும் ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் மூன்று ஷிப்டும் ஓட்டுப் போடலாம்.